அப்பத்தா வீட்டு மாடில இருந்து தெக்கு கோபுரம்

வணக்கம் மக்களே, மணி காலைல ஆறு, இப்ப நான் நிக்கிறது மதுரை தெற்கு மாசி வீதி பக்கம் எங்க அப்பத்தா வீட்டு மொட்டை மாடி, காத்து சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கங்க. கேமராவ திருப்புறேன், இந்தா, மீனாட்சியம்மன் கோயில் தெக்கு கோபுரம். பாதிதான் தெரியும். மீதிய ஒரு லாட்ஜ் மறைக்குது, அதுக்கு மேல தண்ணி டேங்கு, அதுக்கும் மேல செல்போன் டவரு.

அப்பத்தாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு, கூட்டத்துல நின்னு சாமி பாக்க முடியாது. அதனால தினமும் சுவர புடிச்சுக்கிட்டே மாடியேறி வந்து கோபுரத்தப் பாத்து ஒரு கும்பிடு, அப்புறந்தான் காபி. லாட்ஜ் வந்தப்புறம் அந்தா அந்த மூலைக்கு, துணி காயப்போடுற கம்பிக்கு அடில குனிஞ்சு போய் நிக்கிறாங்க, அங்கருந்துதான் கலசம் வரைக்கும் தெரியுது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம்னு சும்மாவா சொன்னாங்க!

இதுக்கு ரூல் இல்லாம இல்ல. கோயில சுத்தி 1 கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டருக்கு மேல கட்டக்கூடாதுன்னு 1997லயே அரசாணை இருக்கு, மீறி கட்டுனத எதிர்த்து ஐகோர்ட் மதுரைக் கிளை வரைக்கும் கேஸ் போயிருக்கு. 9 மீட்டர்னா சுமாரா 30 அடி, கீழ் வீடும் மேல ரெண்டு மாடியும். தெக்கு கோபுரம் 160 அடிக்கு மேல இருக்கே, 30 அடி வீடு ரோட்டுல நிக்கிறவங்களுக்கு மறைக்கத்தானே செய்யும்னு கேப்பீங்க. மறைக்கும்தான், ஆனா எல்லா வீடும் அதே 30 அடியில நின்னா அவங்கவங்க மாடிக்குப் போனதும் யாரும் யாரையும் மறைக்க மாட்டாங்க, நடுவுல ஒரே ஒருத்தர் 60 அடிக்கு ஏத்துனா அவருக்கு நேர் பின்னாடி ஒட்டி இருக்குற மாடிகளுக்கு கோபுரம் மறைஞ்சுபோகும்.

இன்னொன்னு நெனச்சுப் பாருங்க, 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் தலித் மக்கள கூட்டிக்கிட்டு இந்தக் கோயிலுக்குள்ள போனாரு. அதுக்கு முன்னாடி அவங்க தாத்தா பாட்டியெல்லாம் உள்ள விட்டதே இல்ல, வெளிய நின்னு பாத்த கோபுரம் மட்டுந்தான் கோயிலு. டிக்கெட் இல்ல, க்யூ இல்ல, யாரும் மறிக்க முடியாத தரிசனம், அத இப்ப செங்கல் வச்சு மறிச்சா எப்டிங்க?

அதே நேரம் வீட்டுக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு. அண்ணன் தம்பி மூணு பேருக்கு ஒரு செண்டு இடம், மேல எடுக்கவும் கூடாதுன்னா அவங்க எங்க போவாங்க? மும்பைல டிடிஆர்னு ஒரு முறை இருக்கு, பாதுகாக்குற பழைய கட்டடத்துல கட்ட முடியாத பரப்புக்கான உரிமைய வேற ஏரியால கட்டுறவங்களுக்கு வித்துக்கலாம். இந்த 1 கிலோமீட்டருக்கும் அப்டி ஒன்ன கொண்டுவந்து, ரிங் ரோடு பக்கம் பெருசா கட்டுறவங்க இவங்ககிட்ட காசு குடுத்து வாங்கட்டும். ரூல மட்டும் போட்டுட்டு நஷ்டத்த அவங்க தலைல கட்டுனா மீறத்தான் பாப்பாங்க.

சரி, மாசி வீதி, வெளி வீதி பக்கம் இருக்குறவங்க நாளைக்குக் காலைல உங்க மாடில இருந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, பழைய ஆல்பத்துல அதே மாடி போட்டோ இருந்தா அதயும் சேத்துப் போடுங்க. அப்பத்தா படியேறுற சத்தம் கேக்குது... இருங்க, ட்ரைபாட இங்கிட்டு நகட்டிக்கிறேன், அந்த மூலை அவங்களுக்கு வேணும்.