இழுத்துக் கதைக்கிற இராகம்

அனைவருக்கும் வணக்கம். இன்று உருத்திரா மாவத்தை வழியாக நடந்து வரும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நான் பேசப்போகிற ஆளின் பெயரும் ருத்ரேஷ்தான். ருத்ரேஷ் மகந்தப்பா, ஜாஸ் இசையில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர். 1971இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பிறந்தவர். வளர்ந்தது அமெரிக்காவின் கொலராடோவில். பெற்றோர் இந்தியர்.

பையனைப் பித்துப்பிடிக்க வைத்தது ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் வாசிப்பு. கர்நாடக சங்கீதத்துக்கும் ருத்ரேஷுக்கும் அந்த நாட்களில் தொடர்பில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தவர்கள் விடுவார்களா? பொஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தபோது அண்ணனே பகிடிக்கு ஓர் இசைத்தட்டை வாங்கிக் கொடுத்தார். பெயர் 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்'. போட்டுக் கேட்டால், சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்! பகிடி அதோடு முடிந்தது.

கத்ரியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1994இல் 'டூயட்' படத்தில் அந்த சாக்ஸபோனைக் கேட்காத தமிழ் வீடு குறைவு. அவருடைய தகப்பனார் நாதஸ்வர வித்துவான். நாதஸ்வரத்தில் துளையை விரலால் பாதி மூடலாம், கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழுப்பது, வழுக்கிக்கொண்டு வரும். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே ஒரு மூடி நிற்கிறது. ஆகவே உதடும் மூச்சும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதைக் கைவசப்படுத்தக் கத்ரி ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்.

பின்னர் ருத்ரேஷும் கத்ரியும் சேர்ந்து வாசித்தார்கள். 2008இல் 'கின்ஸ்மென்' வந்தது. கன்னியாகுமரி அம்மா வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம். நல்ல இசைத்தட்டு, எல்லோரும் புகழ்ந்தார்கள். சரி.

எனக்கோ அதைவிட, 2004இல் வந்த ருத்ரேஷின் 'மதர் டங்' (தாய்மொழி) இசைத்தட்டு மேல்தான் பிரியம். அமெரிக்காவில் அவரைக் கேட்பார்களாம்: "நீ இந்தியன் பேசுவாயா?" அப்படி ஒரு மொழியே இல்லை! அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கேள்விக்கு இந்திய வம்சாவளியினர் பலரைத் தத்தம் மொழியில் பதில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். பொருளை விட்டுவிட்டார். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் சுரமாக எழுதி, அதிலிருந்து மெட்டுக் கட்டினார். ஒன்றின் பெயர் 'கன்னடம்', ஒன்று 'தெலுங்கு', ஒன்று 'கொங்கணி'. இன்னொன்று 'தமிழ்'.

நான் மட்டக்களப்பான். கொழும்புக்கு வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் அலுவலகத்தில், நான் "மறுகா" (பிறகு) என்று தொடங்கினாலே சக தமிழர்கள் சிரிப்பார்கள். "இராகம் இழுக்கிறான்" என்பார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு ஓர் இழுப்பு, மலையகத்தாருக்கு இன்னொன்று, வெள்ளவத்தையிலேயே பிறந்தவருக்கு வேறொன்று. நானும் மெல்ல மெல்ல என் இழுப்பைச் சுருக்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. அவர்கள் சொன்ன 'இராகம்' என்ற சொல் சரியான சொல்லே என்பது இந்த மெட்டைக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

இப்போது அந்தத் 'தமிழ்' மெட்டைப் போடுகிறேன். சொற்களைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஒரு வசனம் முடியும் இடத்தில் குரல் எங்கே போய் இறங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ.