தூணைச் சுற்றிய நூல்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டு வீடொன்றின் முகப்பில், பர்மாத் தேக்கில் கடைந்து நிறுத்திய உருண்டைத் தூணைக் காட்டி அதன் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு என்று கேட்டால், பள்ளிக்கூடம் சென்ற எவரும் ஆரத்தை ஆரத்தாலேயே பெருக்கி, வந்ததை 22/7 ஆல் பெருக்க வேண்டும் என்று தயங்காமல் சொல்லிவிடுவார். விடை சரிதான். ஆனால் அந்த ஆரம் மரத்துக்குள் அல்லவா இருக்கிறது? மேலே உத்திரமும் கீழே கல்லும் அடைத்துக்கொண்டிருக்க, தூணின் மையத்தை எந்த அளவுகோலாலும் தொட முடியாது. கைக்கு எட்டுவது சுற்றளவு ஒன்றுதான்.

நூலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்ததில் 44 அங்குலம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை 22/7 ஆல் வகுத்தால் விட்டம் 14 அங்குலம். அதில் பாதியான 7 அங்குலம் ஆரம். ஏழேழு நாற்பத்தொன்பதை 22/7 ஆல் பெருக்கினால் 154 சதுர அங்குலம். விட்டத்தை ஆரம் என்று எண்ணிப் பெருக்கிவிட்டால் விடை நான்கு மடங்காகிவிடும்; என் மாணவர்கள் ஆண்டுதோறும் செய்த பிழை இது.

ஆரத்தை இருமுறை பெருக்குவது ஏன்? வானொலியில் படம் வரைய வழியில்லை என்பதால், ஒரு வட்டத் தோசையை மனத்தில் கொள்ளுங்கள். நடுவிலிருந்து பதினாறு கூறுகளாக அறுத்து, ஒன்றின் முனை மேலும் அடுத்ததன் முனை கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினால், ஏறக்குறைய ஒரு செவ்வகம் கிடைக்கும். கூறுகள் மெலிய மெலிய அது செவ்வகத்தை மேலும் நெருங்கும். அதன் உயரம் ஆரம். நீளம் சுற்றளவில் பாதி. நம் தூணுக்கு அது 7 பெருக்கல் 22, அதாவது அதே 154. கணக்கதிகாரம் என்னும் பழைய தமிழ் நூலும் பாதி வட்டத்தைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் குழி கிடைக்கும் என்றே சொல்கிறது. நிலத்தை அளக்கும் குழியே அங்கே பரப்பைக் குறிக்கும் சொல்லாகவும் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மர வணிகத்தில் வழங்கிய ஹாப்பஸ் அளவோ வேறு கணக்கு. அதன்படி, உருண்டை மரத்தின் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதையே அதனால் பெருக்கிப் பரப்பாகக் கொள்வர். 44இல் கால் பங்கு 11. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்க 121. உண்மையான 154க்கும் இதற்கும் 33 சதுர அங்குலம் இடைவெளி. பதினான்கில் மூன்று பங்கு கணக்கிலேயே ஏறவில்லை. வணிகர் ஏமாற்றிவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். பட்டையும், அறுக்கும்போது கழியும் ஓரப் பலகைகளும் வீணாவதற்கு ஈடாக அந்தக் குறைவு வைத்துக்கொள்ளப்பட்டது. கணிதம் சொல்வது வேறொன்று: ஒரே நீள நூலால் வட்டமும் சதுரமும் வளைத்தால், வட்டமே அதிக இடத்தை அடைக்கும். கால் சுற்றளவு என்பது அந்தச் சதுரத்தின் பக்கம்.

ஆரத்தைக் கண்டுபிடிக்காமலே பரப்பை அடையவும் வழி உண்டு. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, ஏழால் பெருக்கி, 88 ஆல் வகுத்தால் போதும். 44ஐ வைத்துச் செய்தால் 1936 வந்து, முடிவில் 154இலேயே நிற்கும். கிணற்றின் வாய்க்கும் இதே கணக்குத்தான். தூண் மட்டும் மேலே செல்லச் செல்லச் சற்று மெலிந்திருக்கக்கூடும் என்பதால், நூலை அதன் நடு உயரத்தில் சுற்றுங்கள்.