முகர வேண்டாம், முகத்தைப் பாருங்கள்

நடுவர் அவர்களுக்கும், இரு அணித் தோழர்களுக்கும், மழை வரும்போல் இருந்தும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

'நட்பையும் நம்பிக்கைத் துரோகத்தையும் சொல்லும் உளவியல் திகில் கதைகள் மனிதர்களுக்குத் தருவது விழிப்பா, வீண் சந்தேகமா?' என்பது தலைப்பு. விழிப்பே என்று பேச வந்திருக்கிறேன். பேச வேண்டியதை வரிசையாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு காபியைக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காபிக்குப் பதில் சொல்லாமல் நான் நகர்வதாக இல்லை.

அண்ணன் என்ன சொன்னார்? "இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து, நண்பர் வீட்டில் கொடுக்கிற காபியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்கள். 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்றார் வள்ளுவர். இங்கே முகர்ந்தால் நட்பே குழைந்துவிடுகிறது" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் கைதட்டினேன், அழகாகச் சொன்னார். ஆனால் குறளைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டாரே! மீதி எங்கே? 'முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து.' விருந்தாளி எதைப் பார்க்கிறான்? இலையில் விழுகிற பதார்த்தத்தையா? பரிமாறுகிறவரின் முகத்தைப் பார்க்கிறான். அந்த முகம் கொஞ்சம் திரிந்தால் போதும், அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. முகத்தைப் படிக்கிற கண் மனிதனுக்கு இருக்கிறது என்று வள்ளுவரே சாட்சி சொல்கிறார். அந்தக் கண்ணைத் தீட்டித் தருவதுதான் இந்தக் கதைகள் என்கிறேன் நான்.

அண்ணன் காபியைக் காட்டியதால் நானும் ஒரு காபிக் கதையே சொல்கிறேன். ஆல்பிரட் ஹிட்ச்காக் 1946-இல் எடுத்த 'நொட்டோரியஸ்' என்ற படம். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரம். அங்கே பதுங்கியிருக்கும் நாஜிக் கூட்டத்தை வேவு பார்க்க அமெரிக்க உளவுத்துறை ஒரு பெண்ணை அனுப்புகிறது. பெயர் அலிசியா. நடித்தவர் இங்கிரிட் பெர்க்மன். அந்தக் கூட்டத்தில் ஒருவர் செபாஸ்டியன். அலிசியாவின் தந்தைக்குத் தெரிந்தவர், ஒரு காலத்தில் இவளை விரும்பியவர். அந்தப் பழைய பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு இவள் அவருடைய நம்பிக்கையைச் சம்பாதிக்கிறாள். அவர் இவளைத் திருமணமே செய்துகொள்கிறார். ஆக, முதலில் ஏமாற்றியவள் இவள்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஒருநாள் குட்டு உடைகிறது. மனைவி உளவாளி என்று கூட்டாளிகளுக்குத் தெரிந்தால் அவர்கள் செபாஸ்டியனையே தீர்த்துக்கட்டிவிடுவார்கள். அவர் யாரிடம் போகிறார்? நேராக அம்மாவிடம். அம்மாவின் துணையோடு ஒரு திட்டம் உருவாகிறது. இங்கே அமர்ந்திருக்கும் மாமியார்கள் என்மேல் கோபப்படக் கூடாது, கதை அப்படித்தான் இருக்கிறது. திட்டம் இதுதான்: மருமகள் குடிக்கும் காபியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு.

காபி வருகிறது. குடிக்கிறாள். மறுபடியும் காபி வருகிறது. குடிக்கிறாள். தலை சுற்றுகிறது, உடம்பு தளர்கிறது. கணவர் பக்கத்தில் வந்து பரிவாக விசாரிக்கிறார். மாமியார் நாற்காலியில் சாய்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறார். திரையின் முன்பக்கத்தில் காபிக் கோப்பை பெரிதாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் அலிசியா சிறியவளாகத் தெரிகிறாள். நஞ்சு இருப்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "குடிக்காதே அம்மா!" என்று கத்த வேண்டும்போல் தொண்டைவரை வருகிறது.

எப்படிக் கண்டுபிடித்தாள்? அண்ணன் சொன்னதுபோல் முகர்ந்து பார்த்தா? இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்திருந்த விஞ்ஞானி ஒருவர் பேச்சு மும்முரத்தில் தன் கோப்பை என்று நினைத்து அலிசியாவின் கோப்பையை எடுக்கிறார். அவ்வளவுதான். கணவரும் மாமியாரும் ஒரே நேரத்தில் பதறித் தடுக்கிறார்கள்.

இதை இன்னொரு முறை சொல்லியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு கோப்பை இல்லையா? இருக்கிறது. விருந்தாளி கோப்பையை மாற்றி எடுத்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? "பரவாயில்லை, குடியுங்கள், அவளுக்கு வேறு கொண்டுவருகிறேன்" என்போம். ஒருவர் பதறினால்கூட அது அவருடைய குணம் என்று விட்டுவிடலாம். மகனும் தாயும் ஒரே நொடியில், ஒரே கோப்பைக்காக, ஒரே மாதிரி பதறுகிறார்கள் என்றால்? அலிசியா கோப்பையைப் பார்க்கிறாள். கணவரைப் பார்க்கிறாள். மாமியாரைப் பார்க்கிறாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

அண்ணன் அவர்களே, அந்தக் காபியை முகர்ந்திருந்தால் காபி வாசனைதான் வந்திருக்கும்! உண்மையைச் சொன்னது முகம். முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற கதை எதையும் நான் பார்த்ததில்லை. முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற கதைகளையே பார்த்திருக்கிறேன்.

அதோடு முடிந்ததா? அவளை யார் காப்பாற்றுகிறார்? அவளோடு வேலை பார்த்த டெவ்லின். சந்திக்க வேண்டிய இடத்துக்கு அவள் வரவில்லை. அவள் தளர்ந்திருந்ததைப் பார்த்து, முதலில் மது குடித்திருக்கிறாள் என்று தவறாகத்தான் நினைத்திருந்தார். பிறகு மனம் கேட்கவில்லை, எதிரியின் வீட்டுக்குள்ளேயே போகிறார், மாடி ஏறுகிறார், கைத்தாங்கலாக அவளை அழைத்துக்கொண்டு வருகிறார். துரோகத்தைக் காட்டிய அதே படம்தான், "வழக்கமாக வருகிறவள் ஏன் வரவில்லை?" என்று தேடிப் போகிறவரையும் காட்டுகிறது. இதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் நண்பனைச் சந்தேகிப்பானா, சில நாளாகக் கண்ணில் படாத நண்பனுக்குத் தொலைபேசி செய்வானா?

அண்ணன் இன்னொரு குறளையும் பாதியில் விட்டார். 'தெளிந்தான்கண் ஐயுறவு தீரா இடும்பை தரும்' என்று சொல்லி, சந்தேகமே நோய் என்றார். முழுக் குறள் என்ன?

'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.'

ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியவரைச் சந்தேகப்படுவதும் துன்பம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இந்த இரண்டு தவறுகளையும் ஒரே மனிதன் செய்தால் என்ன ஆகும்? ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ ஆகும். வெனிஸ் அரசே நம்பியிருந்த படைத் தளபதி. தனக்குக் கீழே வேலை பார்த்த இயாகோவை ஆராயாமல் நம்பினான், தன்னை நம்பி வீட்டைவிட்டு வந்த மனைவி டெஸ்டிமோனாவைச் சந்தேகித்தான். இயாகோ என்ன பெரிய மாயவித்தையா செய்தான்? "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று தனக்குள் முணுமுணுத்தான். "என்ன சொன்னாய்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றான். தானாக எதையும் சொல்லவில்லை, கேட்க வைத்தான். கேட்டபோதும் தயங்கினான். தயங்கியதாலேயே நல்லவனாகத் தெரிந்தான். நாடகம் முழுவதும் எல்லோரும் அவனை நேர்மையானவன் என்றுதான் அழைக்கிறார்கள். பிறகு டெஸ்டிமோனாவின் கைக்குட்டை வேறொருவன் கைக்குப் போகும்படி செய்தான்; அந்த ஒரே ஒரு கைக்குட்டை போதுமானதாக இருந்தது. நம் தெருவில், அலுவலகத்தில், உறவில், "நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்" என்று ஆரம்பிக்கிற குரலைக் கேட்டிருக்கிறீர்களா இல்லையா? ஒத்தெல்லோவைப் படித்தவருக்கு அந்தக் குரல் காதில் விழுந்த உடனே அடையாளம் தெரியும்.

எதிரணித் தங்கை ஒருவர் இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, பிசிராந்தையார் பிறந்த மண்ணுக்கு ஆகாது என்றார். பிசிராந்தையாரை நானும் கும்பிடுகிறேன். ஆனால் நட்பைப் பாடிய வள்ளுவர்தான் தீ நட்பு, கூடா நட்பு என்று இரண்டு அதிகாரங்களும் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் கதையை எப்படிச் சொல்கிறார்? அந்த அரசரிடம் போரில் தோற்றுத் தோற்றுப் போன பகைவன் முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசுகிறான். சடை கட்டுகிறான். கையில் ஒரு புத்தகக் கட்டு. அதற்குள் ஆயுதம். 'மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து' என்று அரண்மனைக்குள் போவதற்கு முன்பே நமக்குச் சொல்லிவிடுகிறார். வாயில் காவலர் எல்லோரும் வழிவிடுகிறார்கள். பள்ளியறை வாசலில் தத்தன் மட்டும், "அரசர் உறங்குகிறார், சமயமறிந்து செல்லுங்கள்" என்கிறான். முத்தநாதன் நிற்கவில்லை. அரசர் எழுகிறார், ஆகமம் சொல்ல வந்த அடியாரை உயர்ந்த ஆசனத்தில் அமர்த்துகிறார், தாம் தரையில் அமர்ந்து வணங்குகிறார். குத்து விழுகிறது. வாளோடு பாய்ந்து வந்த தத்தனைச் சாகிற நேரத்திலும் தடுத்து, "தத்தா, நமர்", அதாவது இவர் நம்மவர், என்கிறார். முத்தநாதனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிவிடச் சொல்கிறார்.

இந்தக் கதையில் ஏமாந்தவர் யார்? மெய்ப்பொருளார். சேக்கிழார் யாரைக் குனிய வைத்தார்? ஏமாந்தவரையா? அவரை அறுபத்துமூவரில் ஒருவராக நிமிர்த்தி வைத்துப் பாடினார். கறுப்பு எல்லாம் முத்தநாதன் மனத்துக்குத்தான்.

நடுவர் அவர்கள் மணி அடித்துவிட்டார்கள். இன்னும் இரண்டே நிமிடம் கொடுங்கள், ஐயா. இதைச் சொல்லாமல் என்னால் உட்கார முடியாது.

என் பெரியப்பா பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவருக்கு ஒரு நண்பர். தீபாவளிக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். எங்களுக்கெல்லாம் மத்தாப்பு வாங்கி வருவார். ஒருநாள் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தார். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினார். "நமக்குள் என்ன படிக்க வேண்டியிருக்கிறது?" என்றார் நண்பர். நீட்டிய கை திரும்பிவிட்டது. கண்ணாடி போடாமலேயே, அவர் விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அந்த நண்பர் சில தவணைகளுக்குப் பிறகு ஊரிலேயே இல்லை.

பெரியப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். பெரியம்மா வளையலைக் கழற்றினார். பணம் போனதைப் பெரியப்பா தாங்கிக்கொண்டார். "கணக்கு வாத்தியார் கணக்கில் ஏமாந்தார்" என்று ஊர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. டீக்கடைக்குப் போவதை விட்டார். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டார். பள்ளி விட்டால் வீடு, வீட்டில் கதவை ஒட்டிய அந்த நாற்காலி. யாரோடும் பேச்சில்லை. ஏமாற்றியவன் எங்கோ வெளிச்சத்தில் நடமாடினான், ஏமாந்தவர் தனக்குத் தானே சிறைவைத்துக்கொண்டார்.

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒத்தெல்லோ பாடம். சத்தம் போட்டுப் படிப்பேன். ஒருநாள், "அது என்ன கதை?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தத் தளபதி புத்திசாலியா?" என்று கேட்டார். "வெனிஸ் நகரமே போருக்கு அவரைத்தான் நம்பியிருந்தது, பெரியப்பா" என்றேன். கைக்குட்டைக் காட்சியை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாளும் கேட்டார். மூன்றாவது முறை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "கேட்கிற மாதிரி அவன் பேசியிருக்கிறான். நம்பினவன் மேல் என்ன தப்பு?" என்றார். எவ்வளவோ காலமாக எங்களில் ஒருவரும் அவரிடம் சொல்லத் தெரியாத ஆறுதலை அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் டீக்கடைக்குப் போனார்.

ஐயத்தைத் தரும் கதையாக இருந்தால், அதன்பிறகு அவர் எவரையும் நம்பியிருக்கக் கூடாது அல்லவா? சில ஆண்டுகள் கழித்து, உடன் வேலை பார்த்தவர் ஒருவர் இறந்துபோனார். அவர் மகளுக்குப் படிப்புக் கடன் வேண்டும், ஜாமீன் போட ஆளில்லை. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் தயங்கித் தயங்கி வாசலில் நின்றார்கள். பெரியம்மா உள்ளே இருந்து, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். பெரியப்பா அவர்களை உட்காரச் சொன்னார். கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தார். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கே விளக்கிச் சொன்னார். ஒரு நகல் எடுத்து பீரோவில் வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண் இன்று வேலைக்குப் போய்க் கடனைக் கட்டி முடித்துவிட்டாள். என் பெரியப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்ததற்குப் பெயர் சந்தேகமா, விழிப்பா? தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், ஐயா. நன்றி, வணக்கம்.