அதே இடத்தில் வீடு, அதற்கு முன் கையில் காகிதம்

(கோட்டூர்புரம் குடியிருப்பு மறுகட்டுமானத்தை ஆதரித்துப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் நலச்சங்கத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, நாம் என்ன கேட்கப்போகிறோம் என்று தெரிந்தும் துணிந்து மேடையில் அமர்ந்திருக்கும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியப் பொறியாளர் அவர்களே, நடந்து போகும் தூரத்திலிருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, நடைபாதை வியாபாரிகள் சங்கத்துப் பெரியவரே, மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகளே, நாற்காலி கிடைக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, மைக் செட் போட்டுக் கொடுத்த தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் நன்றியுரை சொல்பவர் சேர்த்துக்கொள்வார். அவருடைய பட்டியல் என்னுடையதைவிட நீளம்.

நான்கு விஷயம் பேச வந்தேன். ஏன் இடிக்க வேண்டும், வெள்ளம் வந்தால் என்ன, வண்டி நிறுத்தமும் பராமரிப்பும், கடைசியாகக் காகிதம். காகிதத்தைப் பற்றி நான் பேசாத கூட்டம் கிடையாது என்று முன்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.

நம் பழைய வாரியக் கட்டடங்களை இடித்து இங்கேயே புதிதாகக் கட்டும் திட்டத்தை வரவேற்கிறோம், முழு மனதோடு வரவேற்கிறோம். 'பூச்சு வேலை பார்த்து வெள்ளையடித்தால் இன்னும் இருபது வருஷம் ஓடும்' என்று சிலர் சொல்கிறார்கள். கழிப்பறைக்குக் கீழே இருக்கும் தளத்தை அண்ணாந்து பாருங்கள். மேல் வீட்டுக் குழாய் கசிந்து கசிந்து ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். கம்பியின் இரும்பு துருவாக மாறினால் முன்னைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயரும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் விரிசல் மறையும், துரு மறையாது. உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் என்ன நடந்தது? வாரியக் கட்டடத்தில் 24 வீடுகள் இருந்த ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே மக்களை வெளியேற்றியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த எச்சரிக்கை எல்லாக் கட்டடமும் கொடுக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

அதே இடத்தில் கட்டித் தருகிறார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஊர் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது, வேலை தூரமாகிவிட்டது. இங்கே பல்கலைக்கழக விடுதிச் சமையலறைக்கும் துப்புரவு வேலைக்கும் காந்தி நகர் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். நம் பிள்ளைகள் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்தே போகிறார்கள். 2010இல் திறந்த அந்த நூலகம் நம் வாசலில் இருக்கிறது. அதை விட்டு நகர எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்?

வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்று அரசே சொன்னது. அடையாறு நம் கீழ்த்தளத்துக்குள் வந்ததை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொறியாளர் அவர்களுக்கு இரண்டே வேண்டுகோள். தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்து விடுங்கள், அங்கே வீடு வேண்டாம். மின் இணைப்புப் பலகையையும் லிப்ட் மோட்டார் சுவிட்சையும் அந்த 2015 நீர்மட்டக் குறிக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் தண்ணீர் வடிந்து பத்து நாளானாலும் கரண்ட் வராது, எட்டாவது மாடிப் பாட்டி தண்ணீர்க் குடத்தோடு ஏற வேண்டியிருக்கும். தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியின் மூடிக்கும் இதே கணக்குதான். மூடி தரைமட்டத்தில் இருந்தால் சாக்கடை உள்ளே போகும், அந்தத் தண்ணீர்தான் மாடித் தொட்டிக்கு ஏறும்.

தரத்தைப் பற்றிப் பேராசிரியர் அவர்கள் முன்னால் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் வாரியம் கட்டிய குடியிருப்பில் 2021இல் கை வைத்த இடத்தில் பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஐ.ஐ.டி.யை வைத்து ஆய்வு நடந்தது, வீடு கட்டி முடித்த பிறகு. இங்கே அந்த ஆய்வு கட்டும்போதே நடக்கட்டும். சாதாரண சிமெண்டு என்றால் குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டு என்றால் பத்து நாள் தளம் காயாமல் ஈரமாகவே இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. சென்னை வெயிலில் மதியம் ஒரு வேளை ஊற்றாமல் விட்டாலே மேல்பரப்பு வறண்டு மயிரிழையாய் வெடிக்கும். கான்கிரீட் போடும்போதே 15 செ.மீ. கனசதுரக் கட்டிகள் எடுத்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பதிவேட்டின் நகலை மாதம் ஒருமுறை சங்கத்துக்குக் கொடுக்கச் சொல்கிறோம். சோதனைக்கு வெளியூர் போக வேண்டாம், அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டமைப்புப் பொறியியல் துறை பக்கத்திலேயே இருக்கிறது. 1794இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இருக்கும் வளாகம் ஐயா அது!

இப்போது காகிதம்.

எல்லாக் குடியிருப்பிலும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கணக்கெடுக்க ஒரு அலுவலர் வருகிறார். புதுசு, இளைஞர், கையில் டேப்லெட். கதவைத் தட்டுகிறார். பாட்டி வருகிறார். 'ஒதுக்கீட்டாளர் யாரும்மா?' 'எங்க வீட்டுக்காரர்தான் தம்பி.' 'அவரைக் கூப்பிடுங்க, விரல்ரேகை எடுக்கணும்.' பாட்டி திரும்பிச் சுவரைக் காட்டுகிறார். மாலை போட்ட போட்டோ. தம்பிக்குப் புரியவில்லை. 'எப்ப வருவாரும்மா?' 'அவரு போயிப் பதினெட்டு வருஷமாச்சு.' 'அப்ப வாரிசுச் சான்று இருக்கா?' 'அது எதுக்கு? அவரு போனது தெருவுக்கே தெரியும்.' தம்பி பொறுமையாகச் சொல்கிறார், 'சிஸ்டத்துல அவர் உயிரோடதான் இருக்காரும்மா. அவர் வந்தாதான் அடுத்த பக்கம் திறக்கும்.' பாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாராம்: 'அப்ப உன் சிஸ்டத்தையே அனுப்பிக் கூட்டிட்டு வா தம்பி. நானும் பாத்து ரொம்ப நாளாச்சு.'

கைத்தட்டலுக்கு நன்றி. ஆனால் அந்த வீட்டில் இன்று மூன்று மகன்கள், மூன்று ரேஷன் கார்டு, ஒரே ஒரு ஒதுக்கீட்டு ஆணை, அதுவும் பூச்சி அரித்தது. இந்த மைதானத்தில் அப்படி எத்தனை வீடு? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

தாத்தா பெயரில் ஆணை இருந்தால் முதலில் இறப்புச் சான்று வேண்டும். இறந்து ஓராண்டுக்கு மேலாகியும் இறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டும், அதனால் நாளைக்கே தொடங்குங்கள். அடுத்து வாரிசுச் சான்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். அதில் ஒரு மகள் பெயர் விட்டுப்போனால் பின்னால் அந்த மாப்பிள்ளையே வழக்குப் போடுவார், எல்லாப் பெயரையும் எழுதுங்கள். பிறகு வாரிசுகள் சேர்ந்து யார் பெயருக்கு என்று ஒத்துக்கொண்டு, வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றம். என் ஆசை அந்தப் பெயர் வீட்டுப் பெண்ணின் பெயராக இருக்க வேண்டும் என்பது. வாரியத்துக்குக் கட்டிய பழைய தவணை ரசீதுகளைத் தேடி எடுங்கள். முழுத் தொகையும் கட்டியவர்கள் விற்பனைப் பத்திரம் வாங்கவில்லை என்றால் இப்போதே கேளுங்கள், கட்டடம் இடிந்த பிறகு கேட்டால் பதில் மெதுவாக வரும். வெள்ளைத் தாளிலோ 20 ரூபாய் பத்திரத்திலோ எழுதி வீட்டை வாங்கியவர்கள் ஒளிய வேண்டாம். ஒளிந்தால் கணக்கில் வரமாட்டீர்கள். கரண்ட் பில், வாக்காளர் அட்டை, பிள்ளைகள் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் காட்டிப் பட்டியலில் ஏறுங்கள், தகராறை அப்புறம் தீர்க்கலாம். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.

மாமன்ற உறுப்பினர் அவர்கள் முன்னிலையில் சங்கத்தின் கோரிக்கையைச் சொல்கிறேன். பயனாளிகள் பட்டியல், பிளாக் வாரியாக, வாரியத்தின் முத்திரையோடு இந்தச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள். அதன் பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் டோக்கன், டோக்கனில் திரும்ப வரும் உரிமை அச்சில் இருக்க வேண்டும். டோக்கன் கைக்கு வந்த பிறகுதான் சாவியைக் கொடுப்போம். 400 சதுர அடி என்று சொன்னால் சுவரோடு சேர்த்தா, சுவருக்குள்ளேயா என்பதும் அதில் இருக்கட்டும்.

இடம்பெயரும் குடும்பத்துக்குத் தரும் தொகையை 8,000இலிருந்து 24,000 ரூபாய்க்கு உயர்த்தினார்கள், அதற்கு நன்றி. ஆனால் கட்டி முடிக்க 18 மாதம் என்று வைத்தால் மாதத்துக்கு 1,333 ரூபாய். மாணவர்களுக்கு அறை விட்டே வாடகை ஏறிப்போன இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு கட்டில்கூடக் கிடைக்காது. பள்ளி நடுவில் மாறாமல் இருக்க, ஏப்ரல், மே மாதத்தில் காலி செய்யச் சொல்லுங்கள், வாடகைக்கும் ஒரு வழி பண்ணுங்கள்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். வண்டி நிறுத்தமும் பராமரிப்பும் இன்னொரு நாள். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் பராமரிப்புக்கு நாம் போடும் பணத்துக்குச் சமமாக அரசும் போடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேடைக்கு வலப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். ஏ, பி பிளாக் முதலில் வரட்டும். ஒதுக்கீட்டு ஆணை, ரேஷன் கார்டு, ஆதார், ரசீது, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல், ஒரு செட் சங்கத்துக்கு, ஒரு செட் உங்களுக்கு. அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும். ஒன்பது மணி வரை கடை திறந்திருக்கும் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பேராசிரியர் அவர்களே, மைக் உங்களுக்கு.