மூணு தரத்துக்கு முன்னாடி: எந்த ஏலத்துல எப்படிக் கேட்கணும்?

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஏலம் பத்திப் பேசப்போறோம். ஏலம்னதும் ஒரு ஆள் நின்னு "ஒரு தரம், ரெண்டு தரம்"னு கத்துறதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனா அது ஒரு வகைதாங்க. மஞ்சள் விக்கிற இடத்துல யாரும் வாயே திறக்க மாட்டாங்க, துண்டுச் சீட்டுல எழுதிப் பெட்டியில போட்டுடுவாங்க. பேங்க் ஏலம் கம்ப்யூட்டர்லயே முடிஞ்சிடும். ஏலச்சீட்டுல யாரு ஜாஸ்தியா கேட்கிறாரோ அவர் கைக்குத்தான் கம்மியா பணம் வரும். ஒரு ஏலத்துக்குப் பொருந்துற கணக்கை வச்சுக்கிட்டு இன்னொண்ணுல போய் உக்கார்ந்தா அடி பலமா இருக்கும். முதல்ல கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: அடுத்தவன் சொல்ற விலை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரியுற வகையிலிருந்து ஆரம்பிப்போம். காசிமேடு, தூத்துக்குடி, நாகப்பட்டினம், எந்த மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாலும் விடியக்காலையில நடக்கிறது இந்த ஏறுமுக ஏலம்தான். மீனைக் கூறு கட்டி வச்சிருப்பாங்க, இல்ல கூடையில இருக்கும். ஏலக்காரர் வேணும்னே கொஞ்சம் தணிவான விலையில ஆரம்பிப்பாரு. உச்சத்துல ஆரம்பிச்சா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. தணிவா ஆரம்பிச்சா ரெண்டு மூணு பேர் உள்ள இறங்கிடுவாங்க, இறங்கினவங்களுக்கு வெளிய வர மனசு வராது. விலை ஏற ஏற அவர் ஏத்துற அளவையும் மாத்துவாரு. வேகமா போறப்ப நூறு நூறா ஏத்துவாரு, தயங்குற மாதிரி தெரிஞ்சா அம்பதுக்கு இறங்கிடுவாரு. "இன்னும் ஒரு அம்பதுதானே"ன்னு உங்க வரம்பைத் தாண்ட வைக்கிறது அந்த அம்பதுதான்.

அவர் உங்க ஆள் இல்ல, விக்கிறவரோட ஆள். மீன்துறையில இன்னொரு சிக்கலும் இருக்கு. பல இடத்துல ஏலக்காரரே படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்திருப்பாரு. அந்தக் கடன் தீர்ற வரைக்கும் மீன் அவர் வழியாத்தான் போகும், ஒவ்வொரு விற்பனையிலயும் கமிஷன் எடுத்துப்பாரு. வாங்க வர்றவங்க கவனிக்க வேண்டியது வேற. கூறுல எடை கிடையாது, கண்ணளவுதான். பெரிய மீன் மேல இருக்கும், பொடியும் ஐஸும் அடியில கிடக்கும். அடியைக் காட்டச் சொல்லாம வாயைத் திறக்காதீங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆவது பிரிவு. சுத்தியல் விழுந்தாலோ, மூணு தரம் சொல்ற மாதிரி வழக்கமான முறையில முடிச்சாலோதான் விற்பனை ஆகுது. அதுக்கு முன்னாடி நீங்க கேட்ட விலையை நீங்க வாபஸ் வாங்கிக்கலாம். விக்கிறவர் தானும் கேட்பேன்னு முன்கூட்டியே வெளிப்படையா சொல்லாம, தன் ஆளை வச்சு விலையை ஏத்துனா, அந்த விற்பனையை ரத்து பண்ற உரிமை வாங்கினவருக்கு உண்டு. இதெல்லாம் சரக்குக்குத்தான். வீடு, நிலத்துக்கு வேற விதி, அதுக்கு அப்புறம் வர்றேன்.

இந்த வகையில கணக்கு சுலபம். உங்களுக்கு அந்தக் கூடை 4,000 ரூபாய் பெறும்னு வைங்க. அடுத்தவர் 3,200ல நின்னுட்டா உங்களுக்கு 3,250, 3,300ல கிடைச்சிடும். அதாவது ரெண்டாவது ஆளோட எல்லைக்குக் கொஞ்சம் மேலதான் நீங்க கொடுக்கறீங்க. 4,000ங்கிறதை மனசுல எழுதி வச்சுட்டு அது வரைக்கும் கேளுங்க, தாண்டினா நிறுத்திடுங்க. தந்திரம் எதுவும் வேண்டாம். வில்லியம் விக்ரேன்னு ஒரு பொருளாதார அறிஞர் 1961ல இதையே மூடிய ஏலமா எழுதிக் காட்டினாரு: எல்லாரும் ரகசியமா எழுதிக் கொடுக்கணும், அதிகமா எழுதினவருக்குப் பொருள், ஆனா அவர் கொடுக்கிறது ரெண்டாவதா வந்த விலை. அப்படி இருந்தா மனசுல இருக்கிற நிஜ விலையை எழுதுறதுதான் லாபம். 1996ல அவருக்கு நோபல் பரிசு அறிவிச்ச மூணாவது நாள் இறந்துட்டாரு, பாவம்.

ஏறுமுக ஏலத்தோட பலவீனம் சிண்டிகேட், அதாவது கேட்க வர்றவங்களே முன்னாடி கூடிப் பேசி வச்சுக்கிறது. ஊராட்சிப் புளியமர ஏலம், ஏரி மீன்பாசிக் குத்தகை ஏலத்துல எல்லாம் கேட்டிருப்பீங்க. பத்துப் பேர் வருவாங்க, ஒருத்தர் மட்டும் ஆரம்ப விலைக்கு மேல நூறு ரூபாய் வச்சு எடுத்துட்டுப் போவாரு. அப்புறம் டீக்கடையில அவங்களுக்குள்ள ஒரு ஏலம் நடக்கும், அந்த லாபத்தைப் பங்கு போட்டுப்பாங்க. வெளிப்படையான ஏலத்துல இது ஏன் நிக்குதுன்னா, ஒப்பந்தத்தை மீறி ஒருத்தன் கை தூக்கினா அந்த நிமிஷமே மத்தவனுக்குத் தெரிஞ்சிடும், உடனே போட்டி போட்டு விலையை ஏத்தி விட்டுடுவான். மீறினவனுக்கு லாபமே இல்ல. ரகசியமா எழுதிக் கொடுக்கிற முறையில மீறினது பெட்டியைத் திறந்தப்புறம்தான் தெரியும், அதுக்குள்ள சரக்கு கை மாறிடும். அதனால சிண்டிகேட்டை உடைக்கணும்னா மறைமுக ஏலம்தான் நல்ல ஆயுதம்னு நான் சொல்வேன்.

நம்ம ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள்ல பருத்தி, மஞ்சள், கொப்பரைக்கெல்லாம் நடக்கிறது அந்த மறைமுக ஏலம்தான். ஈரோடு, பெருந்துறைப் பக்கம் மஞ்சளுக்கு எப்படின்னா, விரலி தனி, கிழங்கு தனி. ஒவ்வொரு விவசாயியோட குவியலுக்கும் ஒரு லாட் நம்பர். வியாபாரிங்க மாதிரியை எடுத்து உடைச்சுப் பார்ப்பாங்க, நல்லா காய்ஞ்ச விரலி சட்டுனு ஒடியும். உள் நிறம் பார்ப்பாங்க, ஈரப்பதம் பார்ப்பாங்க. அப்புறம் லாட் நம்பரும் குவிண்டாலுக்கு என்ன விலைங்கிறதும் சீட்டுல எழுதிப் பெட்டியில போட்டுடணும். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு லாட்டுக்கும் உச்ச விலை எதுன்னு அறிவிப்பாங்க. விவசாயிக்கு அந்த விலை பிடிக்கலைன்னா கொடுக்க வேண்டியதில்ல, கிடங்குல வச்சுட்டு அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்கலாம், அந்தச் சரக்கையே ஈடா வச்சுப் பொருளீட்டுக் கடனும் கேட்கலாம். நிறைய பேர் உச்ச விலை அறிவிச்சாலே வித்தாச்சுன்னு நினைச்சு தலையாட்டிடுறாங்க.

இங்க வாங்குறவர் கணக்கே வேற. எழுதுன விலையைத்தான் கொடுக்கணும். குவிண்டால் 14,000 பெறும்னு நினைச்சு 14,000னே எழுதினா, ஜெயிச்சாலும் லாபம் பூஜ்யம். கொஞ்சம் குறைச்சு எழுதணும். எவ்வளவு குறைக்கிறதுங்கிறது எதிர்ல எத்தனை பேர் இருக்காங்கங்கிறதைப் பொறுத்தது. ஆள் கம்மின்னா நல்லா குறைக்கலாம், ஆள் கூடக் கூட உங்க நிஜ விலைக்குப் பக்கத்துல போகணும். அதோட இன்னொரு பொறி. எல்லாரும் ஒரே சரக்கைப் பார்த்து மதிப்புப் போடுறாங்க, ஒருத்தர் கொஞ்சம் கூடப் போடுவாரு, ஒருத்தர் குறைச்சு. ஜெயிக்கிறது யாரு? ரொம்பக் கூடப் போட்டவர்தானே! 1971ல அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய்க் கம்பெனியோட மூணு பொறியாளர்கள், கடல்ல எண்ணெய் எடுக்கிற குத்தகை ஏலத்தை ஆராய்ஞ்சு இதை எழுதினாங்க. ஜெயிச்ச கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் வராததுக்கு இதுதான் காரணம்னு சொன்னாங்க. சரக்கோட தரம் உங்களுக்குத் தெளிவா தெரியாத லாட்டுல இன்னும் அதிகமா குறைச்சு எழுதுங்க.

நெதர்லாந்து ஆல்ஸ்மேர் பூச்சந்தையில இறங்குமுக ஏலம். கடிகார முள் மாதிரி விலை உச்சத்துல ஆரம்பிச்சு இறங்கிக்கிட்டே வரும், யார் முதல்ல பட்டனை அழுத்துறாங்களோ அவங்களுக்கு. இந்த மாதிரி ஏலம் 1887ல ப்ரூக் ஓப் லாங்கடைக்ங்கிற ஊர்ல காய்கறிக்கு ஆரம்பிச்சது. பூ வாடுற சரக்கு, வேகம் முக்கியம். பார்க்க வெளிப்படையா இருந்தாலும் கணக்கு மறைமுக ஏலத்தோடதுதான். அடுத்தவன் எங்க அழுத்துவான்னு தெரியாது, அழுத்துன விலையைத்தான் கொடுக்கணும்.

சரி, நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கிற ஏலம், ஏலச்சீட்டு. 20 பேர், மாசம் 5,000, 20 மாசம். சீட்டுத் தொகை ஒரு லட்சம். முதல் மாசம் ஒருத்தர் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறாருன்னு வைங்க. அவர் கைக்கு 70,000. அந்த 30,000ல நடத்துறவர் கமிஷன் 5 சதவீதம், அதாவது 5,000 போக மிச்சம் 25,000. அதை 20 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 1,250, இதுக்குப் பேரு கசர். அந்த மாசம் எல்லாரும் கட்ட வேண்டியது 3,750. பதிவு செஞ்ச சீட்டுன்னா கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 2019 திருத்தத்துக்கு முன்னாடி 5ஆ இருந்தது. தள்ளுக்கும் உச்சவரம்பு இருக்கு. அந்த வரம்பை ரெண்டு மூணு பேர் தொட்டுட்டா குலுக்கல்.

இப்ப வட்டி எவ்வளவுன்னு பார்ப்போம். போகப்போக தள்ளு குறையும், அதனால மாசத் தவணை ஏறும். சராசரியா 4,400 கட்டுறீங்கன்னா 20 மாசத்துல 88,000. வாங்குனது 70,000. வெறும் 18,000தானேன்னு தோணும். ஆனா மாசா மாசம் திருப்பிக் கட்டிக்கிட்டே வர்றீங்க, அதைக் கணக்குல எடுத்தா கிட்டத்தட்ட ரெண்டரை வட்டி. நகைக்கடன் இதைவிட எவ்வளவோ மலிவு. முதல் ரெண்டு மூணு மாசத்துல போட்டி சூடா இருக்கும், அப்ப உள்ள போகாதீங்க. தள்ளி எடுத்தவர் ஜாமீன் கொடுக்காம பணம் கிடைக்காது, அதையும் ஏலத்துக்கு முன்னாடியே தயார் பண்ணிக்கணும்.

கடைசியா, நிறைய பேர் கேட்கிற பேங்க் சொத்து ஏலம். கடன் கட்டாதவரோட அடமானச் சொத்தை பேங்க் விக்க வழி செய்யுற 2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்துல நடக்கிறது. அரசு வங்கிகளோட சொத்துகள் பேங்க்நெட் தளத்துல வரும், பத்திரிகையிலயும் விளம்பரம் வரும். ரிசர்வ் விலை, அதாவது இதுக்குக் கீழ விக்க மாட்டோம்கிற விலை, 40 லட்சம்னா, ஏலத்துல கலந்துக்க முன்னாடியே கட்டுற முன்வைப்புத் தொகை வழக்கமா 10 சதவீதம், 4 லட்சம். நீங்க 46 லட்சத்துக்கு எடுத்துட்டீங்க. அன்னிக்கே, இல்ல மிஞ்சிப்போனா அடுத்த வேலை நாளுக்குள்ள மொத்தத்துல 25 சதவீதம், 11.5 லட்சம் வரணும். ஏற்கனவே கட்டினது போக 7.5 லட்சம். மீதி 34.5 லட்சத்தை விற்பனை உறுதியான 15 நாளுக்குள்ள கட்டணும். பேங்க் எழுத்துல ஒத்துக்கிட்டா அதிகபட்சம் மூணு மாசம் வரைக்கும் நீட்டலாம். கட்டலைன்னா அந்த 11.5 லட்சமும் போச்சு. மொத்தத்தையும் பறிமுதல் பண்ணலாம்னு 2024ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. லோன் போட்டு வாங்கலாம்னு ஏலத்துக்கு அப்புறம் அலையிறவங்கதான் இதுல மாட்டுறாங்க. 15 நாள்ல லோன் வரும்னு நம்பாதீங்க, முன்னாடியே அனுமதிக் கடிதம் வாங்கி வச்சுட்டு உள்ள போங்க.

ஆன்லைன்ல கடைசி நொடியில கேட்டு அடிச்சிடலாம்னு ஒரு நினைப்பு இருக்கு. பழைய லண்டன்ல மெழுகுவத்தி ஏலம் நடக்கும், திரி அணையுறதுக்கு முன்னாடி கடைசியா கேட்டவருக்குப் பொருள். திரி அணையப் போறப்ப புகை கீழ இறங்கும், அதைப் பார்த்து ஒருத்தர் சரியா அந்த நொடியில கேட்டு ஜெயிச்சாருன்னு சாமுவேல் பீப்ஸ் 1662லயே நாட்குறிப்புல எழுதி வச்சிருக்காரு. பேங்க் ஏலத்துல அந்த வித்தை எடுபடாது. கடைசி நிமிஷங்கள்ல யாராவது கேட்டா நேரம் தானா நீளும், பெரும்பாலும் 5 நிமிஷம். ஆக இதுவும் ஏறுமுக ஏலம்தான், மீன் கணக்கையே போடுங்க.

"உள்ளது உள்ளபடி"ன்னு அறிவிப்புல இருக்கும். அதுக்கு அர்த்தம் பேங்க் எதுக்கும் பொறுப்பில்லங்கிறது. வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போடுங்க. ஆனா வில்லங்கத்துல சொத்து வரி பாக்கி, கரண்ட் பில் பாக்கி, அடுக்குமாடிச் சங்க பாக்கி, பதிவு பண்ணாத வாடகைதாரர் எதுவும் தெரியாது, நேர்ல போய்த்தான் விசாரிக்கணும். அறிவிப்புல சிம்பாலிக் பொசெஷன்னு இருந்தா வீடு பேங்க் கையில இல்ல, உள்ள ஆள் இருக்காங்கன்னு எடுத்துக்கோங்க. காலி பண்ண மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கணும், அதுக்கு மாசக்கணக்கா ஆகலாம். அந்தக் காலத்துக்கு உங்க பணத்தோட வட்டியைக் கேட்கிற விலையிலிருந்து முதல்லயே கழிச்சிடுங்க. ஃபிசிக்கல் பொசெஷன்னு, அதாவது வீடு பேங்க் கையிலயே இருக்குன்னு, இருந்தாலும் சாவியோட போய் உள்ள பார்க்க ஒரு நாள் குறிச்சிருப்பாங்க, அதை விடாதீங்க. கடன் மீட்புத் தீர்ப்பாயத்துல அந்தச் சொத்து மேல வழக்கு ஓடுதான்னும் பாருங்க. நம்ம மாநிலத்துல சென்னை, கோயம்புத்தூர், மதுரையில தீர்ப்பாயம் இருக்கு.

பணம் முழுசா கட்டினப்புறம் விற்பனைச் சான்றிதழ் கொடுப்பாங்க. பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்னு சார்பதிவாளர் அலுவலகத்துல ஏலத்துக்கு முன்னாடியே கேட்டு, அதையும் உங்க உச்ச விலைக்குள்ள அடக்கிடுங்க. விலை 50 லட்சத்தைத் தொட்டா வாங்குறவர்தான் விலையில ஒரு சதவீதத்தை டிடிஎஸ்ங்கிற வருமான வரிப் பிடித்தமா பிடிச்சுக் கட்டணும். அதை யாரோட பான் நம்பர்ல கட்டணும்னு பேங்க் அதிகாரிகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.