இயர்போனுக்கும் சுருதி கூட்ட வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஆயிரக்கணக்கில் செலவழித்து, காதுக்குள் செருகும் உயர்தர இயர்போன் வாங்கிய பலர் சில நாளிலேயே, "பேஸ் இல்லை, ஹை குத்துகிறது" என்று கேபிளை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கேபிளை அல்ல, காதுத் துளையை அடைத்து உட்காரும் ரப்பர் டிப்பை.

டிப்பைச் சுற்றி மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலியெல்லாம் அந்த வழியே கசிந்துவிடும். பேஸ் போனதும் மிச்சமிருக்கும் ஹை, அதாவது உயர்ந்த ஒலி, தூக்கலாகத் தெரியும். சோதித்துப் பார்க்க ஒரு தனி ஆவர்த்தனம் போதும். மிருதங்கத் தொப்பியில் எழும் கும்கி என்ற தாழ்ந்த நாதத்தைக் கேட்டபடி இயர்போனை லேசாக உள்ளே அழுத்துங்கள். கும்கி சட்டென்று கனத்தால், அதுவரை கசிவு இருந்திருக்கிறது. டிப்பை ஓர் அளவு பெரிதாக்குங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. இடதுக்கு மீடியம், வலதுக்கு லார்ஜ் என்று போட்டுக்கொள்ளலாம். மாட்டும்போது மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துளை நேராகி டிப் நன்றாக உட்காரும்.

நுரை டிப் நம் நீலகிரிக் குளிரில் விறைத்துப்போகும். விறைத்த நுரை சரியாக விரியாது. சட்டைப் பையில் சில நிமிடம் சூடேற்றி, உருட்டி ஒடுக்கி, செருகியபின் அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள்.

அடுத்தது ஈரம். கூடலூரில் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை, உதகையில் மார்கழிப் பனி: இவற்றிலிருந்து இயர்போன் தப்ப முடியாது. ஜன்னலோரம் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்ததைக் காலையில் வெதுவெதுப்பான காதில் மாட்டினால், டிப் மாட்டும் குழலின் வாயில் இருக்கும் வலையில் நீர் முத்துக்கட்டும். அந்தப் பக்கம் ஒலி பாதியாகக் குறையும், சில சமயம் அடைத்தே போகும். உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். டிப்பைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். கணப்பு அருகிலோ ஹேர் டிரையர் முன்னாலோ காட்டக் கூடாது. சூட்டில் பசை இளகும். சிலிக்கா ஜெல்லின் நீல மணிகளில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு உண்டு. அவற்றைச் சமையல் சட்டியில் வறுத்து உலர்த்தாதீர்கள்.

உலர்ந்த பிறகும் ஒலி குறைவாகவே இருந்தால் வலையில் காதுக் குறும்பி அடைத்திருக்கும். குழல் வாயைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள்; அழுக்கு கீழே விழும். ஊசியால் குத்தினால் வலை கிழியும். ஸ்பிரிட் விட்டால் குறும்பி கரைந்து உள்ளே இறங்கும்.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது காற்றழுத்தம் ஏறிக்கொண்டே போவதால் செவிப்பறை உள்வாங்கி, பேஸ் மந்தமாகும். எச்சில் விழுங்கி, இயர்போனை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். சவ்வு அதிர்ந்து ஒலி தரும் டைனமிக் டிரைவர் இருக்கும் மாடல்களில் ஓட்டில் ஊசிமுனை அளவு காற்றுத் துளை இருக்கும். மாட்டும்போது விரல் அதை மூடினால், அழுத்தத்தில் அந்தச் சவ்வு (டயாஃப்ரம்) ஒரு பக்கம் மடங்கி 'கரக்' என்று சத்தம் வரும்.

இவ்வளவும் சரியான பின்புதான், தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர். பேஸை 4 டெசிபல் கூட்டப் போகிறீர்களா? முதலில் அதிலேயே மொத்த ஒலியைக் கட்டுப்படுத்தும் ப்ரீ-ஆம்பை 4 டெசிபல் குறையுங்கள். இல்லாவிட்டால் உரத்து வரும் இடங்களில் ஒலி உடையும். கச்சேரி கேட்பவர்கள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் கூட்டினால் போதும். ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். பாடகரின் மத்திய ஸட்ஜம் சுமார் 130. கூட்டலை 250 வரை இழுத்தால் குரல் கம்மிப்போகும். பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

ஹை குத்தினால், மிகக் குறைந்த ஒலியில் 4,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒற்றை ஸ்வர ஒலியை ஓடவிடுங்கள். எந்த இடத்தில் துள்ளுகிறதோ, பெரும்பாலும் 8,000 பக்கத்தில், அங்கே மட்டும் குறுகலாக, அகலத்தைக் குறிக்கும் கியூ எண்ணை 4 வைத்து, 3 டெசிபல் வெட்டுங்கள். டிப்பை மாற்றினாலோ ஆழம் மாறினாலோ அந்தத் துள்ளல் இடம்பெயரும். மறுபடி தேட வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது ஒலி அளவு ஒன்றாக இருக்கட்டும். 1 டெசிபல் கூடினாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும்.

ஆர்மேச்சர் என்ற சிறு வகை டிரைவர்கள் பல கொண்ட மாடல்களில், போனோடு இணைக்கும் டாங்கிளின் வெளியீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. போனால் ஒலியின் சமநிலையே மாறும்.

ஒலி அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10. டிப் நன்றாக அடைத்தால் பேருந்து இரைச்சலிலும் ஒலியைக் கூட்டத் தேவையிருக்காது. ஆனால் எஸ்டேட் பாதையில் நடக்கும்போது இரண்டையும் கழற்றிவிடுங்கள். தேயிலைப் புதருக்குப் பின்னால் காட்டெருமை நிற்பது காதுக்குத்தான் முதலில் தெரியும். வணக்கம்.