ஏர்ல் ஆன்டனி பந்துல வலு இல்லையா? டென்பின் பவுலிங் பத்தி ஒரு சந்தேகம்

அடுத்த கேள்வி டென்பின் பவுலிங் பத்தி. நீளமான லேன்ல (தளத்துல) பந்தை உருட்டிவிட்டு, கடைசியில நிக்கிற பத்து பின்னை, அதாவது பாட்டில் மாதிரி கட்டைகளை, சாய்க்கிற ஆட்டம். நேயர் என்ன எழுதியிருக்காருன்னா, "1970-கள்ல நடந்த பி.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை பவுலர் சங்கம்) போட்டிகளோட பழைய வீடியோக்களைப் பார்க்கிறேன். ஏர்ல் ஆன்டனி போடுற பந்து அலுங்காம போய் கடைசியில லேசா திரும்புது, அவ்வளவுதான். மார்க் ராத் மணிக்கட்டைச் சுழட்டிப் போடுறாரு. இன்னைக்கு ஜேசன் பெல்மான்டி ரெண்டு கையால போட்டா பந்து லேன் ஓரம் வரைக்கும் போய் வளைஞ்சு வருது. அப்போ ஆன்டனி பந்துல வலு இல்லையா? ரெண்டு கை ஆட்டத்தை நானும் பழகலாமா?"

ஆன்டனி பந்துல வலு இல்லைன்னு சொல்றதை மட்டும் ஒத்துக்கவே முடியாதுங்க. 43 பட்டம் ஜெயிச்ச மனுஷன். 1975-ல ஒரே சீசன்ல ஒரு லட்சம் டாலர் சம்பாதிச்ச முதல் பவுலர். அந்தப் பந்து ஏன் அப்படிப் போச்சுன்னா, முதல்ல அன்னைக்கு இருந்த பந்தையும் தரையையும் பார்க்கணும்.

பின்கள் முக்கோணமா நிக்கும், எண் இடமிருந்து வலமா: முன்னால 1, அடுத்து 2, 3, அப்புறம் 4, 5, 6, கடைசி வரிசையில 7, 8, 9, 10. ஃபவுல் லைன்ல (பந்து விடும்போது தாண்டக் கூடாத கோடு) இருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. அகலத்துல 39 பலகை, ஒவ்வொண்ணும் ஒரு அங்குலத்துக்குச் சொச்சம். வலது கைக்காரருக்கு 1-க்கும் 3-க்கும் நடுவுல இருக்கிற இடம்தான் பாக்கெட். அங்கே சரியா விழுந்தா பந்து தானா தொடுறது நாலே பின்: 1, 3, 5, 9. மிச்ச ஆறையும் பின்களே ஒண்ணை ஒண்ணு தள்ளிச் சாய்ச்சுக்கும். அதுக்குப் பந்து சாய்வா உள்ள வரணும், சுமார் 6 டிகிரி. வலது ஓரத்துல இருந்து நேரா போட்டா ஒன்றரை டிகிரிகூட வராது. சாய்வு குறைஞ்சா 1-ல மோதின வேகத்துல பந்து வலப்பக்கம் விலகிப் போயிடும். அப்போ நடுவுல 5 நிக்கும், இல்லைன்னா 8-10 ஸ்ப்ளிட் (நடுவுல இடைவெளி விட்டு மிஞ்சி நிக்கிற பின்கள்) கிடைக்கும். மூலையில 10 மட்டும் ஆடாம நிக்குதா? 6-வது பின்னைப் பாருங்க. பலமா பறந்து 10-ஓட கழுத்தைச் சுத்திப் போயிருந்தா பந்து நல்லாத்தான் வந்திருக்கு, நூலிழை தவறிடுச்சு. தளர்ந்து லேன் ஓரப் பள்ளத்துல படுத்திருந்தா பந்து வர்றதுக்குள்ளயே ஓய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

1970-கள்ல பந்து ரப்பர், அப்புறம் பாலியஸ்டர். ரெண்டும் தரையைப் பிடிக்காது, வழுக்கும். லேன் நிஜ மரம்: முன்னாலயும் பின் நிக்கிற இடத்துலயும் மேப்பிள், நடுவுல பைன். தரையைப் பிடிக்கிற பந்துக்கு அன்னைக்கு எவ்வளவு தவிச்சாங்கன்னா, 1973-ல டான் மெக்யூன் பந்தை ரசாயனத்துல ஊறவெச்சு மேல்தோலை மிருதுவாக்கி, அந்த வருஷம் ஆறு பட்டம் ஜெயிச்சாரு. அதுக்கப்புறம்தான் பந்து இவ்வளவு கடினமா இருக்கணும்னு வரம்பே வந்துச்சு.

அந்தப் பந்தை வெச்சுக்கிட்டு ஆன்டனி செஞ்சதைப் பாருங்க. இடது கைக்காரர். அஞ்சு காலடி நடை, கை தோள்ல இருந்து ஊஞ்சல் மாதிரி தானா வரும், வழுக்கி நிக்கும்போது தோள் ஆடாது. குறிவெச்ச பலகையில திரும்பத் திரும்ப விழும். லேன்ல இடப்பக்கம் கூட்டம் குறைவு, லேன் மேல பூசின எண்ணெய் கலையாம இருக்கும்னு அன்னைக்கே சொன்னவங்க உண்டு. அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனா அந்த வசதி எல்லா இடது கைக்காரருக்கும் இருந்துச்சே, 43 பட்டம் எல்லாருக்கும் வரலையே!

ராத் வேற வழி. ப்ரூக்ளின்காரர். படபடன்னு ஓடிவருவாரு. வீடியோவை மெதுவா ஓட விட்டு, கை கணுக்கால் பக்கத்துல வர்ற அந்த ஒரு நொடியைப் பாருங்க. மணிக்கட்டு பந்துக்கு அடியில கிண்ணம் மாதிரி மடங்கியிருக்கும். கட்டைவிரல் முதல்ல வெளிய வரும், நடுவிரலும் மோதிர விரலும் இன்னும் துளைக்குள்ள இருக்கும். அந்தக் கண்ணிமைப்பொழுதுல மணிக்கட்டு விரியுது, ரெண்டு விரலும் பந்தைப் பக்கவாட்டுல தூக்குது. சுழற்சி மொத்தமும் அங்கேதான் பிறக்குது. கட்டைவிரல் தாமதிச்சா பந்து மேல தூக்கிப் போய் தொப்புனு விழும். வழுக்குற பந்தையும் இப்படித் திருப்பினதாலதான் 1978-ல ஒரே சீசன்ல எட்டு பட்டம். 1980 ஜனவரியில, நேரடி ஒளிபரப்புல 7-10 ஸ்ப்ளிட்டை முதல்முதலா எடுத்ததும் அவர்தான். கடைசி வரிசையோட ரெண்டு மூலையில, 36 அங்குல இடைவெளியில நிக்கிற ரெண்டு பின். ஒண்ணு பின்னால மோதித் திரும்பி வந்து மற்றதைத் தள்ளினாத்தான் உண்டு.

1980-கள்ல யூரித்தேன் பந்து, 1990-கள் தொடக்கத்துல ரியாக்டிவ் ரெசின் பந்து வந்ததும் தரையைப் பிடிக்கிற வேலையைப் பந்தே எடுத்துக்கிச்சு. அந்தப் பந்துல கூடுதல் சுழற்சியும் சேர்ந்தா என்ன ஆகும்னு காட்டினவங்கதான் பின்லாந்தோட ஓஸ்கு பலெர்மாவும் ஆஸ்திரேலியாவோட பெல்மான்டியும். பெல்மான்டி கட்டைவிரலைத் துளையில விடுறதே இல்லை. இடது கை தாங்குறதால வலது கை கடைசி வரைக்கும் பந்துக்குப் பின்னாலயும் அடியிலயும் இருக்க முடியுது. விடுற நேரத்துல தள்ளுறது வலது கை மட்டும்தான். நிமிஷத்துக்கு 500 சுத்துக்கு மேல. மேஜர் (பெரிய போட்டி) பட்டம் மட்டும் 15.

ஆன்டனி மாதிரி ஆடுறவங்க இன்னைக்கு ஜெயிப்பாங்களான்னா, ஜெயிச்சுக் காட்டியிருக்காங்க. வால்டர் ரே வில்லியம்ஸ் பெரிய ஹூக்கே (பந்து வளையிறதே) இல்லாம 47 பட்டம் எடுத்தாரு. நார்ம் டியூக் 50 வயசு தாண்டி 2019-லயும் ஜெயிச்சாரு. ரெண்டு பேருக்கும் ஸ்பேர் (முதல் பந்துல மிஞ்சின பின்களை ரெண்டாவது பந்துல எடுக்கிறது) தவறுறது அபூர்வம்.

நீங்க பழகலாம், தாராளமா. முதல் மாசம் ஒரே ஒரு காலடியோட, வழுக்கி நின்னு விடுறதை மட்டும் பழகுங்க. பொதுவா நடக்குற தப்பு, இடது கையைச் சீக்கிரம் எடுத்துடுறது. அப்போ பந்தோட எடை மொத்தமும் வலது மணிக்கட்டுல இறங்கி கை பந்தோட மேல்பக்கம் போயிடும், சுழற்சி செத்துடும். அடுத்த தப்பு, சுழற்சி ஏறின அளவுக்கு வேகம் ஏறாதது. பந்து சீக்கிரமே திரும்பி 1-வது பின்னுக்கு இடப்பக்கம் போயிடும். அப்போ கையை மாத்தாதீங்க, நிக்கிற இடத்தை ரெண்டு பலகை இடப்பக்கம் தள்ளி, பார்க்கிற பலகையை ஒண்ணு தள்ளுங்க. 10-வது பின் மாதிரி ஸ்பேருக்குப் பிளாஸ்டிக் பந்து வெச்சுக்குங்க, அது திரும்பாம நேரா போகும். பந்துல துளை போடும்போது கட்டைவிரல் துளை வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. 2020 ஆகஸ்ட்ல இருந்து அமெரிக்க விதிப்படி, துளை இருந்தா ஒவ்வொரு தடவையும் அதுல விரல் இருக்கணும்.